ஆப்பிள் நல்லதா? மண்ணைக் கேளுங்கள்!

(‘நம் மேசைக்கு வரும் பழங்கள்’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரங்காடியில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஆப்பிள். தோல் பளபளக்கிறது, கையில் எடுத்தால் நல்ல கனம். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறோம். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பழத்தின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். தோலைச் சீவினால் உள்ளே காய்ந்த தக்கையைப் போலப் பழுப்பு நிறப் புள்ளிகள். வீட்டில் உடனே விசாரணை தொடங்கிவிடும். “பூச்சி கடிச்சிருக்கு” என்பார் ஒருவர். “மருந்தை அளவு தெரியாம அடிச்சுட்டான்” என்பார் இன்னொருவர். “கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்” என்று பாட்டி தீர்ப்பே எழுதிவிடுவார்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். பூச்சியும் இல்லை, நோய்க்கிருமியும் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் ‘பிட்டர் பிட்’ என்று பெயர். தமிழில் கசப்புக்குழி என்று சொல்லலாம். அந்தப் பழத்துக்குச் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதற்கான அடையாளம் அது. அறுவடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே, பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே நேர்ந்த குறை, குளிர் அறையிலோ நம் வீட்டுப் பெட்டியிலோ வைத்த பிறகு வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட பழத்தை அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். கொஞ்சம் கசக்கும், பிள்ளைகள் துப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

நான் விவசாயம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆனால் இந்த அரங்குக்காகத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, ஆப்பிளின் நிறம், மொறுமொறுப்பு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பவற்றில் பெரும்பகுதி மரத்தின் மேலே தீர்மானிக்கப்படுவதில்லை, வேர் நிற்கும் மண்ணில் தீர்மானிக்கப்படுகிறது என்பதைக் கண்டேன். நாம் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். விவகாரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் ஆப்பிளில் கால்சியம் ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான் இருக்கும். சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியமோ 100 மில்லிகிராமுக்கு மேல். இவ்வளவு சொற்பமான கால்சியத்தில் ஒன்றிரண்டு மில்லிகிராம் குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். செங்கல் சுவரில் சிமெண்டு எவ்வளவு இருக்கிறது? செங்கல்லோடு ஒப்பிட்டால் கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் சுவர் நிற்காது. பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பசையான பெக்டினை இறுக்கிக் கட்டுவது கால்சியந்தான். அது குறைந்தால் அணுக்களின் சுவர் தளர்ந்து, ஆங்காங்கே அணுக்கள் செத்துத் தக்கையாகிவிடுகின்றன. பழமும் சீக்கிரம் மாவாகிவிடுகிறது.

சரி, மண்ணில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். கால்சியம் ஒரு வினோதமான பயணி. மரத்துக்குள் அது தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போகும். இலையில் ஆவியாதல் அதிகம், பழத்தில் குறைவு. ஆகவே இலைக்குப் பந்தியில் முதல் இடம், பழத்துக்குக் கடைசி இடம். இலையில் போய் உட்கார்ந்த கால்சியம் பிறகு மனம் மாறிப் பழத்துக்குத் திரும்பி வருவதும் இல்லை. பூ உதிர்ந்த முதல் சில வாரங்களில் பிஞ்சுக்குள் போனதுதான் பெரும்பாலும் கணக்கு. அதன்பின் பழம் பெருக்கப் பெருக்க அதற்குள் தண்ணீர் ஏறும் குழாய்களே செயலிழக்கின்றன. சர்க்கரையும் பொட்டாசியமும் வேறு வழியாக வந்துகொண்டே இருக்கும், கால்சியம் வராது.

இன்னொன்றும் உண்டு. வேர் முழுவதும் கால்சியத்தை உறிஞ்சுவதில்லை. புதிதாக வளரும் வெள்ளை வேரின் நுனியை ஒட்டிய சிறு பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது. மண் இறுகிக் கிடந்தால், தண்ணீர் தேங்கினால், அல்லது காய்ந்து வெடித்தால் புது வேர் விடாது. மண்ணில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இருந்தாலும் பழம் பட்டினிதான்.

நம் சந்தைகளில் குவிந்து கிடக்கும் சீன ஃபூஜி ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கணிசமான பங்கு சீனாவின் வடமேற்கே ஷான்சி மாநிலம் உள்ளிட்ட லோயஸ் மேட்டுநிலத்தில் விளைகிறது. காற்று பல லட்சம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மஞ்சள் புழுதி மண். சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் ஆழம். சுண்ணாம்புக்கு அங்கே பஞ்சமே கிடையாது, மண்ணின் பி.எச். அளவு 8ஐ ஒட்டி நிற்கிறது. அந்த ஊர் ஃபூஜியிலும் கால்சியக் குறை வருகிறது. நிறம் வருவதற்காகப் பிஞ்சிலேயே காகிதப் பை மாட்டிவிடுகிறார்கள் அல்லவா, பைக்குள் இருக்கும் பழத்தில் தண்ணீர் ஆவியாவது இன்னும் குறைந்துவிடுகிறது. மண்ணில் இருப்பது ஒன்று, மரத்துக்குக் கிடைப்பது ஒன்று, பழத்துக்குச் சேர்வது வேறொன்று. இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான் உரத்துக்குச் செலவழிக்கும் பணம் பல தோட்டங்களில் வீணாகிறது.

பெரிய பழம், சிவந்த பழம்

இப்போது நம் பக்கத்துக் கதையைப் பேசியாக வேண்டும். கடையில் நமக்குப் பெரிய பழம் வேண்டும், சிவந்த பழம் வேண்டும். விலையும் அதற்கேற்பத்தான். அந்த விலையைப் பார்க்கும் விவசாயி என்ன செய்வார்? உரத்தைக் கூட்டுவார்.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவோடு இருந்தால் மரம் செழிக்கும். காய்க்கும் ஆப்பிள் மரத்தின் உலர்ந்த இலையில் அது 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தாலே போதுமானது. அதற்கு மேல் ஏற்றினால் கிளை கிளையாகத் தளிர்க்கும். அந்தத் தளிர்கள் எல்லாம் கால்சியத்துக்குப் பழத்தோடு போட்டியிடும். அடர்ந்த இலை வெயிலை மறைக்கும். வெயில் படாத பழம் சிவக்காது. தழைச்சத்து மிகுந்த மரத்தில் பழத்தின் பச்சை நிறம் மாறவும் தாமதமாகும். பழம் பெரிதாக இருக்கும், கடித்தால் தளர்வாக இருக்கும், கிடங்கில் நீடிக்காது. சிவப்புக்காக எதிர்பார்த்திருந்தவருக்குப் பச்சைதான் மிச்சம்.

பொட்டாசியமும் அப்படித்தான். அது குறைந்தால் பழம் சிறுத்து, நிறம் மங்கி, புளிப்பும் குன்றிச் சப்பென்று ஆகிவிடும். ஆப்பிளுக்குச் சுவை கொடுப்பது இனிப்பு மட்டுமல்லவே, புளிப்பும் சேர்ந்ததுதானே. ஆனால் பொட்டாசியத்தை மிகையாகப் போட்டால், வேரின் வாசலில் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அது உள்ளே நுழைகிறது. மக்னீசியமும் இதே வேலையைச் செய்யும். கசப்புக்குழி விழுந்த பழங்களைச் சோதித்துப் பார்த்தால் கால்சியம் குறைவு என்பதோடு, அதற்கு எதிரே பொட்டாசியமும் மக்னீசியமும் அதிகம் என்பதும் தெரியவரும். எனவேதான் விவரம் தெரிந்த தோட்டக்காரர்கள் ஒரு சத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். மண்ணைச் சோதிக்கிறார்கள்; கோடை நடுவில் இலையைப் பறித்துச் சோதிக்கிறார்கள்; அறுவடைக்கு முன் பழத்தையே அரைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. எந்தத் தோட்டத்துப் பழத்தை மாதக்கணக்கில் குளிர் அறையில் வைக்கலாம், எதை உடனே விற்றுவிட வேண்டும் என்பதை அந்தச் சோதனை சொல்லிவிடும்.

மண் வழியாகப் பழத்துக்கு எட்டாத கால்சியத்தை நேராகப் பழத்தின் மேலேயே தெளிக்கும் முறையும் இருக்கிறது. கால்சியம் குளோரைடு கரைசலைப் பருவத்தில் பலமுறை தெளிப்பார்கள். இலையில் பட்டால் பயனில்லை, பழத்தின் மேல் படவேண்டும். இது பயன் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் உரத்தையும் நீரையும் சரிசெய்யாமல் தெளிப்பானை மட்டும் நம்புவது, அரிசிச் சோற்றைக் குறைக்காமல் நீரிழிவு மாத்திரையை மட்டும் விழுங்குகிற கதைதான் என்பேன். நம் வீடுகளில் அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

ஒரே மரத்தில் காய்த்த பெரிய பழத்துக்குத்தான் சிறிய பழத்தைவிடக் கசப்புக்குழி வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்த கால்சியம் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. காய்ப்புக் குறைந்து சில பழங்கள் மட்டும் பருத்த ஆண்டில் இது மிகுதி. நான் இப்போதெல்லாம் நடுத்தர அளவுப் பழத்தைத்தான் எடுக்கிறேன். படப்பிடிப்பு மேசைக்குப் பெரிய பழம், வீட்டுக்கு நடுத்தரம்.

நெல்சன் மண் கற்றுத்தந்தது

நம் ஊர்க் கடைகளுக்கு ஆண்டுதோறும் வருகிற நியூசிலாந்து ஆப்பிளுக்குப் பின்னால் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அந்நாட்டின் தென் தீவில், வடக்கு முனையில் நெல்சன் வட்டாரம். அங்கே மௌட்டேரே என்ற குன்றுப் பகுதி. களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த வறிய நிலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்தக் குன்றுகளில் ஆப்பிளை நட்டார்கள். மரம் வந்தது, காயும் வந்தது. ஆனால் பழத்தை வெட்டினால் நடுவில் தக்கை தக்கையாகப் பழுப்பு. மேலே நான் சொன்ன கசப்புக்குழி தோலை ஒட்டி வரும். இது சதைக்குள் ஆழத்தில் வந்தது. ஏற்றுமதியை நம்பிக் கடன் வாங்கி நட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று எண்ணிப் பாருங்கள். வெளியே குறையே தெரியாத பழம். கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கியவர் வெட்டிப் பார்த்துத்தான் குறை தெரியும்.

1930களில் விடை கிடைத்தது. குறைவாக இருந்தது போரான் என்ற சத்து. நெல்சனில் உள்ள காத்ரன் ஆய்வுக்கழகம் அந்த மண்ணையும் பழத்தையும் ஆராய்ந்து வந்தது. மரத்துக்குச் சிறிதளவு வெண்காரம், அதாவது போராக்ஸ், கொடுத்தபோது தக்கை மறைந்தது. ஆப்பிள் இலைக்குத் தேவைப்படும் போரானின் அளவு பத்து லட்சத்தில் 25 முதல் 50 பங்குதான். உப்பில் கிள்ளிப் போடுவதைக் காட்டிலும் குறைவு. அந்தக் கிள்ளலும் கூடிவிடக் கூடாது. போரான் மிகுந்தால் பழம் முந்திப் பழுத்து உதிரும், கிடங்கில் தாங்காது. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல், நடுவே இருக்கும் இடைவெளியோ மிகக் குறுகியது.

இந்தப் போரான் என்ற பெயரைக் கேட்டதும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சிலர் தலையசைத்திருப்பார்கள். செம்பனையில் இலை நுனி கொக்கிபோல வளைந்து மடங்கிப்போகிற கோளாறு உங்களுக்குத் தெரியும். அதற்கும் காரணம் போரான் குறைவு. அதற்கும் வெண்கார உரந்தான் போடுவார்கள். பெரட்டுக்குப் போய் வாளியில் உரத்தை வாங்கி, மரத்துக்கு இத்தனை என்று அளந்து வீசிய கைகளுக்கு, எங்கோ குளிர் தேசத்தில் விளையும் ஆப்பிளின் நோய் இவ்வளவு நெருக்கமானது. என் தாத்தாவும் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்தான். உரம் போட்ட கைகளுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தது நம் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை என்பது எனக்கு என்றும் ஒரு குறை.

அதே மௌட்டேரே வட்டாரத்தில்தான் 1952இல் பிரேபர்ன் என்ற புகழ்பெற்ற ஆப்பிள் இனம் தற்செயலாக முளைத்த ஒரு கன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. நல்ல புளிப்பும் இனிப்பும் கலந்த பழம். ஆனால் கசப்புக்குழி எளிதில் விழும் இனம். வறிய மண் என்று ஒதுக்கப்பட்ட இடம், கவனித்துச் சத்தூட்டினால் நல்ல பழத்தைத் தருகிறது. மரம் கட்டுக்கடங்காமல் செழிக்காததால் பழத்துக்கு வெயிலும் கிடைக்கிறது. வளமான மண்தான் நல்ல ஆப்பிளைத் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

வேரும் மூச்சு விடுகிறது

சத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காற்றை மறந்துவிடுவோம். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் வழியாகத்தான் அது போய்ச் சேர்கிறது. அந்தத் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சில நாட்களிலேயே நுனி வேர்கள் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். ஈர மண்ணில் வாழும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி மரத்தின் அடித்தண்டையும் வேரையும் அழுகச் செய்யும். எல்லா அடிச்செடியும் இதை ஒரே மாதிரி தாங்குவதில்லை. ஆப்பிளை விதை போட்டு வளர்ப்பதில்லை அல்லவா, ஒரு வேர்ச்செடியின் மேல் வேண்டிய இனத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள். உலகெங்கும் பரவிய எம்.எம்.106 என்ற அடிச்செடி நல்ல விளைச்சலைத் தரும். நீர் தேங்கும் களிமண்ணில் நட்டால் அழுகலுக்கு முதலில் பலியாவதும் அதுதான். மண்ணைப் பார்த்து அடிச்செடியைத் தேர்ந்தெடுப்பது, பையனின் ஊரைப் பார்த்துப் பெண் கொடுப்பதைப் போன்றது. ஒருமுறை கட்டிவிட்டால் இருபது ஆண்டுக் கணக்கு.

2023 பிப்ரவரி 13, 14ஆம் நாட்களில் கேப்ரியல் புயல் நியூசிலாந்தின் வட தீவைத் தாக்கியது. அந்நாட்டு ஆப்பிளில் பாதிக்கு மேல் விளைவது ஹாக்ஸ் பே வட்டாரத்தில். அங்குள்ள ஹெரெடௌங்கா சமவெளி, ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் ஆனது. அந்த வளத்தைக் கொடுத்ததே வெள்ளந்தான். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த வண்டல் வேறு, ஒரே இரவில் வந்த வண்டல் வேறு. அறுவடை தொடங்கிய நேரம். கேலா இனப் பழம் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் பல தோட்டங்களில் வரிசையே தெரியவில்லை. எஸ்க் பள்ளத்தாக்கில் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் சேறு படிந்திருந்தது.

வெள்ள நீர் பட்ட பழத்தை விற்பனைக்கு அனுப்ப முடியாது. அந்த ஆண்டு வருமானம் போனது கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. அதைவிடக் கடினமான கேள்வி மண்ணுக்குள் இருந்தது: புதைந்து நிற்கும் மரம் பிழைக்குமா? அந்த வண்டல் மாவு போன்றது. காய்ந்தால் மேல்பரப்பு ஓடாக இறுகிவிடும், கீழே ஈரம் அப்படியே நிற்கும். பழைய மண்ணுக்கும் வேருக்கும் காற்றே போகாது. எனவே இயந்திரங்களை வைத்து வரிசைகளுக்கு இடையே சேற்றை வாரினார்கள். மரத்தின் அடியில் இயந்திரம் நுழையாத இடங்களில் மண்வெட்டியை எடுத்தார்கள், கையாலும் தோண்டினார்கள். வாரிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லாமல் திண்டாடியவர்கள் பலர். இத்தனை செய்தும் சிலருக்கு மரத்தைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. புதிய வண்டலில் மக்கும், தழைச்சத்தும் மிகக் குறைவு. அதில் புல்லும் பயறுவகைப் பயிரும் விதைத்துத்தான் அதை மண் என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

நாம் அந்த ஆண்டு ஏப்ரலில் கடைக்குப் போய், “ஏன் நியூசிலாந்து ஆப்பிள் விலை கூடுதலாக இருக்கிறது?” என்று கேட்டிருக்கலாம். பதில் சொல்லும் அளவுக்கு அந்தச் சிறிய ஒட்டுத்தாளில் இடம் இல்லை.

கேமரன் மலையில் விளையுமா?

நிகழ்ச்சிக்கு முன் அவையில் ஒரு ஐயா கேட்டார்: “கேமரன் மலையில் ஸ்ட்ராபெர்ரி விளையுது, தேயிலை விளையுது. ஆப்பிள் போட்டா என்னம்மா?” நல்ல கேள்வி. ஆப்பிள் மரத்துக்கு இலை உதிர்த்து உறங்கக் குளிர்காலம் வேண்டும் என்பது பெரும்பாலோர் அறிந்ததே. மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். தேயிலை புளித்த மண்ணை விரும்புகிற செடி; பி.எச். 5ஐ ஒட்டி இருந்தால் மகிழ்ச்சியாக வளரும். ஆப்பிள் கேட்பது 6 முதல் 7க்குள். ஆண்டு முழுதும் கொட்டும் மழை, மண்ணில் உள்ள கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அப்படிப் புளித்த மண்ணில் மாங்கனீசு அளவுக்கு மேல் கரைந்து வேருக்குள் ஏறும். ஆப்பிள் மரத்தின் பட்டையில் தட்டம்மை போலக் கொப்புளம் கிளம்பும். சுண்ணாம்பு போட்டு மாற்றலாம், ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. போட்ட சுண்ணாம்பு மேல்மண்ணிலிருந்து கீழே இறங்கவே வெகுகாலம் பிடிக்கும் என்பதால், மரம் நடுவதற்கு முன்பே மண்ணோடு கலந்து உழுதுவிடச் சொல்கிறார்கள். நட்ட பிறகு யோசித்தால் தாமதம்.

அப்படியானால் நம் வெப்ப மண்டலத்தில் ஆப்பிளே கிடையாதா? உண்டு. அண்டை நாடான இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் மாலாங் அருகே பத்து என்று ஒரு மலை நகரம். நம் பத்துமலையில் வரும் அதே ‘பத்து’தான். டச்சுக்காரர் காலத்தில் அங்கே ஆப்பிள் வந்தது. குளிர்காலம் இல்லாத குறையை அந்த விவசாயிகள் கையாலேயே தீர்த்தார்கள்: அறுவடை முடிந்ததும் மரத்திலுள்ள இலைகளை எல்லாம் உருவி எடுத்துவிடுவார்கள். மரம் குளிர்காலம் வந்துவிட்டது என்று ஏமாந்து மறுபடி பூக்கும். ஆண்டுக்கு இரண்டு விளைச்சல். எரிமலைச் சாம்பலில் உண்டான மண் அதற்குத் தோள் கொடுத்தது. மனாலாகி என்ற பச்சை ஆப்பிளையும் ரோம் பியூட்டியையும் அங்கே சுற்றுலா போன நம்மவர்கள் பறித்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

ஆண்டுக்கு இருமுறை மரத்திடம் வாங்கினால், ஆண்டுக்கு இருமுறை மண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் இரசாயன உரமும் மருந்துமே பெரும்பாலும் போயின; மக்கு குறைந்தது. மக்குக் குறைந்த மண் நீரைப் பிடித்து வைக்காது, வேருக்கு இடம் கொடுக்காது, போட்ட உரத்தையும் தக்கவைக்காது. மரங்களுக்கும் வயதாகிவிட்டது. வெப்பம் கூடியது. வெளிநாட்டு ஆப்பிள் மலிவாக வந்து இறங்கியது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் சேர்ந்து அமுக்கின. வெப்பத்தையும் விலையையும் ஒரு விவசாயியால் மாற்ற முடியாது. மண்ணை மட்டுந்தான் அவர் தொட்டுத் திருத்த முடியும், அதற்கும் ஆட்டெருவும் காலமும் பணமும் வேண்டும். பழைய மரத்தைப் பிடுங்கிய அதே குழியில் புது ஆப்பிளை நட்டால், பழைய வேர்களை அண்டி வாழ்ந்த பூஞ்சைகளும் நூற்புழுக்களும் இளங்கன்றை வளரவிடாமல் அமுக்கும் தொல்லையும் ஆப்பிளுக்கு உண்டு. உலகில் பழைய ஆப்பிள் தோட்டம் உள்ள எல்லா நாடுகளிலும் அது உண்டு.

பத்து நகரின் சதுக்கத்தில் பெரிய ஆப்பிள் வடிவத்தில் ஒரு கட்டடம் எழுப்பி வைத்திருக்கிறார்கள். ‘ஆப்பிள் நகரம்’ என்ற பெயரும் இன்னும் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் பல விவசாயிகள் ஆப்பிளை வெட்டிவிட்டு ஆரஞ்சும் காய்கறியும் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள்.